கட்டோடு முளைத்த கொத்தமல்லி

கடிதம் எழுத உட்கார்ந்தால் என் கைக்குத் தாராள மனசு வந்துவிடும். இல்லாததையும் சேர்த்து அள்ளிக் கொடுக்கும். நேரில் நான் யோக்கியன்தான். ஒரு சின்னப் பொய் சொன்னால்கூட நாக்கு குழறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இன்லேண்ட் லெட்டரில் நாக்குக்கு ஏது வேலை?

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமான இரண்டாவது மாதமே என்னை ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊருக்கு மாற்றிப் போட்டார்கள். கால்நடை மருந்தகத்தில் உதவியாளர் வேலை. டாக்டர் வாரத்தில் ஒரு நாள் கீழேயிருந்து வருவார். மற்ற நாட்களில் நான்தான் டாக்டர் (ஆடுகளுக்கு வித்தியாசம் தெரியாது). மருந்தகத்தை ஒட்டி எனக்கு ஒரு அறை, அறைக்குப் பின்னால் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு வெறும் மண். என் மனைவி சரசு மட்டும் படவேட்டில் அப்பா வீட்டிலேயே இருந்தாள். மாமனார் வாழை வைத்திருக்கிறவர். “அந்தக் காட்டுல ஒரு புடி கீரையாவது கெடைக்குமா மாப்ள? நான் ஒரு தபா வந்து பாத்துட்டுதான் பொண்ண வுடுவேன்” என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் கற்பூரவல்லிக் கிளை ஒன்றைக் கிள்ளி வைத்தேன். அது துளிர்த்தது. என் வாழ்க்கையில் நான் வளர்த்த முதல் செடி. தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அதன் எதிரில் உட்கார்ந்து இலைகளை எண்ணுவேன். சந்தோஷம் தாங்காமல் சரசுவுக்கு எழுதினேன். அவள் பதில் போட்டாள்: “படிக்கவே ஆசையாக இருக்கிறது. வேறு என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?”

அந்த ஒரு கேள்விதான் என்னைக் கெடுத்தது.

அடுத்த கடிதத்தில் புதினா முளைத்தது. அதற்கடுத்ததில் கொத்தமல்லிப் பாத்தி ஒன்று பச்சைப் பசேலென்று விரிந்தது. பிறகு முளைக்கீரை, கறிவேப்பிலை, தக்காளி. ஐந்து மாதத்தில் என் கடிதத் தோட்டத்துக்கு வேலி போடவே தனியாக ஆள் வேண்டும் என்கிற நிலைமை.

நான் நிஜமாகவே முயற்சி செய்யாமல் இல்லை. விதை வாங்கிப் போட்டேன், தண்ணீர் ஊற்றினேன், முளைக்கவும் செய்தது. தின்றவர்கள் என் நோயாளிகள். ஊசி போட வந்த ஆடெல்லாம் காத்திருக்கும் நேரத்தில் பின்பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வரும். மூன்று நாளாக எதையும் தொடவில்லை என்று கயிற்றில் இழுத்து வந்த ஓர் ஆடு, நான் மருந்து கலக்குவதற்குள் கொத்தமல்லிப் பாத்தியை மொத்தமாக முடித்துவிட்டது. ஆட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கைராசிக்காரர் சார் நீங்க” என்று உருகினார். நான் எதைச் சொல்லி அழுவது?

அப்போதுதான் சரசுவின் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அவளும் அப்பாவும் வருகிறார்கள். பிடித்தால் அவள் இருந்துவிடுவாள். இல்லையென்றால் நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். கடைசி வரி: “உங்கள் தோட்டத்துக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு ரசம் வைக்க வேண்டும் என்று இப்போதே கை பரபரக்கிறது.”

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கீழே கலசப்பாக்கம் பக்கம் சந்தைக்குப் போனேன். வேரோடு பிடுங்கி வாழைநாரால் கட்டிய கொத்தமல்லி பன்னிரண்டு கட்டு, புதினா எட்டு, முளைக்கீரை பத்து. பஸ்ஸில் மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே மலையேறினேன். கண்டக்டர், “இன்னா சார், மலைல கல்யாணமா?” என்றார்.

மறுநாள் விடிந்ததும் நடவு ஆரம்பமானது. பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அக்கா சாமைக் கொல்லைக்குப் போகக் கிளம்பியவர், அரிவாளோடு அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னா சார் பண்றீங்க?”

“தோட்டம் போடறேன் அக்கா. பதினோரு மணிக்குள்ள முடிக்கணும்.”

“கீரையையா? சந்தைல போயி வாங்கினு வந்தீங்களா? எங்க கொல்லையில...”

“அக்கா, பேச நேரமில்ல. ஒரு கறிவேப்பிலைச் செடி கெடைக்குமா?”

அவர் தலையில் அடித்துக்கொண்டு போய், காட்டோரத்திலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு கிளையை வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். குழி தோண்டி ஊன்றினேன். சொந்தமாக வளர்ந்ததுபோலவே நின்றது.

கொத்தமல்லிதான் படுத்தியது. நாரை அவிழ்த்து நட்டால் அத்தனையும் தொய்ந்து படுத்துவிடுகிறது. அவிழ்க்காமல் கட்டோடு வைத்தால் சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. அப்புறம் என்ன யோசனை? முப்பது கட்டையும் நாரோடேயே புதைத்து, முடிச்சு தெரியாமல் மண்ணைக் குவித்தேன். நாலு தக்காளியும் வாங்கி வந்திருந்தேன். ஓரத்தில் தானாக முளைத்திருந்த சுண்டைக்காய்ச் செடியில் கட்டித் தொங்கவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. பூங்காவனம் அக்கா பார்த்த பார்வையில் அதைக் கைவிட்டேன்.

பஸ் வந்தது. வீட்டுக்கு வந்ததும் சரசு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நேரே பின்பக்கம் போனாள். பார்த்தவள் முகம் மலர்ந்துபோனது. “எழுதினத வுட நல்லா கீதுங்க!” என்றாள். அந்த ஒரு நிமிடம் நான் எனக்கே தோட்டக்காரனாகத் தெரிந்தேன். மண்ணைக் காலால் தட்டி, “இந்த மலை மண்ணுக்கு அப்படி ஒரு குணம்” என்று வேறு ஆரம்பித்தேன். மாமனார் வரப்பு பார்க்கிறவர் மாதிரி சுற்றி வந்தார்.

“ரசத்துக்கு ரெண்டு புடுங்கிக்கிறேன்” என்று சரசு குனிந்தாள்.

“வேணாம் சரசு, வெயில் நேரத்துல புடுங்கினா...” என்று நான் ஓடுவதற்குள், ஒரு செடியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். கட்டு முழுசாக வந்தது. நடுவில் வாழைநார், அதில் சந்தைக்காரர் போட்ட முடிச்சு.

மாமனார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்: “மாப்ள, உங்க ஊருல கொத்தமல்லி இன்னா கட்டோட மொளைக்குது?”

நான் வாயைத் திறந்தேன். வழக்கம்போல் நாக்கு குழறியது. அந்த நேரம் பார்த்து, வழி நன்றாகத் தெரிந்த ஒரு வெள்ளாடு உள்ளே வந்து கறிவேப்பிலையைக் கடித்து இழுத்தது. மொத்த மரமும் அதன் வாயோடு கிளம்பியது. அடியில் அரிவாள் வெட்டு பளிச்சென்று தெரிந்தது.

சரசு ஒவ்வொரு கட்டாக இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் முடிச்சோடு வந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஐந்து மாதமாக அந்தக் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்திருப்பாள் என்று நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது.

“அப்ப எழுதினதெல்லாம் பொய்யா?”

“கற்பூரவல்லி மட்டும் நெசம் சரசு” என்று டின்னைக் காட்டினேன்.

அவள் போய் அதையும் ஓர் இழுப்பு இழுத்தாள். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். டின்னே தூக்கிக்கொண்டு வந்தது, செடி விடவில்லை. அவள் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

மாமனார் சிரிக்கவில்லை. ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பூங்காவனம் அக்காவிடம், “ஏம்மா, இங்க கீரை கெடைக்காதா?” என்றார்.

“கெடைக்காமயா? எங்க சாமக் கொல்லையில கால் வெக்கிற எடமெல்லாம் கீரைதான். களை எடுத்து எடுத்துக் கையி நோவுது. இவரு அத வுட்டுட்டு, பஸ் புடிச்சிக் கீழப் போயி வாங்கினு வந்து பொதைக்கிறாரு. நான் சொன்னா எங்க கேக்குறாரு?”

மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மலையிலிருந்து இறங்கிப் போய்க் கீரை வாங்கிய ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை.

நாலு மணி ஆனது. அவர் பையை எடுத்தார். “கெளம்பு சரசு.”

“நீ போய்ட்டு வா நைனா” என்றாள் அவள். “நான் இங்கயே இருக்கிறேன். ஒரு கட்டு கொத்தமல்லிய அவுத்து நடத் தெரியாத ஆளு இவரு. தனியா வுட்டா அடுத்தது இன்னா பண்ணுவாரோ.”

என்னை யாரும் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு கேவலமாகப் பேசியதில்லை. நானும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பஸ் வளைவு திரும்பும்வரை மாமனாருக்குக் கையாட்டிக்கொண்டே நின்றேன்.

அன்று ரசத்தில் பன்னிரண்டு கட்டு கொத்தமல்லியில் முடிந்த அளவு போட்டாள் சரசு. ஒரு வாரம் மூன்று வேளையும் எங்கள் வீட்டில் துவையல்தான், மீதி ஆடுகளுக்கு. பிறகு முள் வெட்டி வேலி கட்டினோம். அவள் தனியாவைத் தரையில் கொட்டி, பலகையால் இரண்டாக உடைகிற மாதிரி தேய்த்து விதைத்தாள். பத்துப் பன்னிரண்டு நாளில் ஊசி ஊசியாக முளைத்தபோது இரண்டு பேரும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். புதினாத் தண்டுகளில் பாதி வேர் பிடித்துவிட்டது. அடுப்பில் ரசம் நுரை கட்டும்போது பின்பக்கம் ஓடி நாலு தழை கிள்ளிக்கொண்டு வருவதுதான் என் வேலை. அதைவிடப் பெரிய பதவி உயர்வு எனக்கு அலுவலகத்தில் கிடைத்ததில்லை.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசினால், “நாரு தெரியுது” என்று ஒரே குரலாகச் சொல்வார்கள். மகள் அப்படிச் சொல்லியே வளர்ந்தாள். மருமகன் வந்த மூன்றாம் நாளே கற்றுக்கொண்டான்.

போன மாதம் சர்க்கரை பார்க்க டாக்டரிடம் போனோம் (இவர் மனிதர்களுக்கான டாக்டர்). “தினமும் நடக்கிறீங்களா?” என்று கேட்டார்.

“ஒரு மணி நேரம், ஒரு நாள் தவறாம” என்றேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து சரசு மெதுவாக, “நாரு தெரியுது” என்றாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என் சட்டையில் எங்கே நூல் பிரிந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.