சாய்வு நாற்காலியும் ஒரு ‘ம்ம்’மும்

“இனிமே யார் கொடுத்தாலும் ஒரு பேனாகூட வாங்க மாட்டேன்!”

செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசற்படியில் நின்றபடியே இப்படி ஒரு சபதம் போட்டார் மேகம். ஜன்னலோரம் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கவில்லை.

“பேனா இருக்கட்டும். நீல நூல் வாங்கிட்டு வரச் சொன்னேனே, அது எங்கே?”

நூல் கடையிலேயே இருந்தது. மறந்துவிட்டார். மறக்காமல் வாங்கி வந்திருந்தால்தான் நாம் ஆச்சரியப்பட வேண்டும். மின்விசிறி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அவர் கொள்முதல் அதிகாரி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் உடம்பு நாற்காலியிலும் மனசு ஆகாயத்திலுமாக இருக்கிற மனுஷனுக்கு ஆபீசில் வைத்த பெயர்தான் நிலைத்தது. “மேகம்னா மழையாவது பெய்யும். இவர்கிட்ட அதுவும் கிடையாது” என்பது வீட்டுக்காரியின் அபிப்பிராயம்.

அன்றைக்கு ஆபீசில் ஒரு கூட்டம். சரக்கு விற்க வருகிறவர்களிடமிருந்து பரிசு, விருந்து, ஓசிப் பயணம் எதுவும் கூடாது என்று மேனேஜர் அம்மா கறாராகச் சொன்னார். “ஒரு டீ வாங்கிக் கொடுத்தா குடிங்க, தப்பில்லை. வீட்டுக்கு டீ எஸ்டேட்டையே அனுப்பினா, ஏன் அனுப்பறாங்கன்னு யோசிங்க!” எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கையை நீட்டி உறுதி எடுத்தார்கள். மேகத்தின் குரல்தான் உரக்கக் கேட்டது. சொல்லும்போதே அவருக்கு ஒரு காட்சி தெரிந்தது. அவர் தெருவில் நடக்கிறார், ஜனங்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், ‘அதோ போறார் பார், நெருப்பு’ என்று காதோடு காதாகப் பேசிக்கொள்கிறார்கள்.

“நான் நெருப்பும்மா, நெருப்பு!”

“நெருப்பு அப்புறம் எரியட்டும். கடை சாத்தறதுக்குள்ள நூலை வாங்கிட்டு வாங்க.”

நெருப்பு நூல் வாங்கப் போயிற்று. திரும்பி வருவதற்குள் வீட்டில் ஒரு நாற்காலி வந்து உட்கார்ந்திருந்தது.

அதை வெறும் நாற்காலி என்று சொல்வது பாவம். பழுப்பு நிறத் தோல். அழுத்தினால் கை முழுகிப்போகும் மெத்தை. பக்கத்தில் ஒரு பிடி. அதை இழுத்தால் முதுகு மெல்லச் சாயும். காலடியிலிருந்து ஒரு பலகை எழுந்து வந்து இரண்டு காலையும் ஏந்திக்கொள்ளும். பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இதே நாற்காலியைப் பார்த்துப் பார்த்து, இறங்க வேண்டிய இடத்தைப் பாதி நாள் கோட்டைவிட்டவர் மேகம். இந்த விஷயம் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, மனைவிக்கு, அப்புறம் ஒரு நாள் டீ குடிக்கும்போது அவர் வாய்தவறிச் சொல்லிவிட்ட பெட்டிக்காரருக்கு.

பெட்டிக்காரர் யாரென்றால், விசிறிகளை அடைத்து அனுப்பும் அட்டைப்பெட்டிகளைக் கம்பெனிக்குக் கொடுப்பவர். அடுத்த வருஷமும் அவரிடமே வாங்குவதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்று வெள்ளிக்கிழமை முடிவு செய்ய வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் மேகம். கொஞ்ச காலமாகவே அந்தப் பெட்டிகள் சரியில்லை. தூக்கினால் அடி பிளந்துகொள்கிறது. லாரியில் ஏற்றுகிறவர் கால்மேல் ஒரு விசிறி விழுந்து, மனுஷன் இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் மனைவிக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு அப்போது வயிறு எரிந்தது வேறொன்றுக்காக. நாற்காலியைக் கொண்டுவந்தவர்கள் அதை வைக்க இடமில்லாமல், தையல் மெஷினை அடுப்படி மூலைக்குத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். தெருவில் பாதிப் பேருக்குத் துணி தைத்துக் கொடுக்கிறவள் அவள். வீட்டில் நல்ல வெளிச்சம் வருவது அந்த ஒரே ஒரு ஜன்னலில்தான்.

“உடனே திருப்பி அனுப்புங்க.”

“அனுப்பாமலா? நாளைக்கே அனுப்பிடறேன். ஆனா ஒரு பொருளைத் திருப்பி அனுப்பும்போது நல்லா இருக்கான்னு பார்த்து அனுப்பணுமில்ல? ‘நீங்கதான் உடைச்சீங்க’ன்னு அவர் சொல்லிட்டா?”

“சரி, பாருங்க.”

“பார்த்தா தெரியாதும்மா. உக்காந்துதான் பார்க்கணும்.”

உட்கார்ந்தார். பிடியை இழுத்தார்.

வீடு மெல்லப் பின்னால் நகர்ந்தது. ஜன்னல் அகலமாகிக்கொண்டே போய், அதன் வழியாக நாற்காலி சத்தமில்லாமல் வெளியே மிதந்தது. கீழே தெரு, கொடிகளில் காயும் துணி, பஸ்ஸுக்கு நிற்கும் ஜனங்கள். மேலேயிருந்து பார்க்க எல்லோருமே சின்னதாக, நல்லவர்களாகத் தெரிந்தார்கள். ஆயிரம் விசிறிகள் ஒன்றாகச் சுற்றுகிற மாதிரி எங்கிருந்தோ ஒரு காற்று வந்தது. அப்புறம் கடல். கடலுக்கு மேலே நாற்காலி போய்க்கொண்டே இருந்தது. எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரம் அவருக்கு இல்லை.

“என்னங்க, சாப்பிட வர்றீங்களா?”

“ம்ம்.”

இந்த ‘ம்ம்’மைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அரைத்தூக்கத்தில் யார் என்ன கேட்டாலும் மேகத்தின் வாயிலிருந்து ‘ம்ம்’ என்றுதான் வரும். கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம், “எங்க அண்ணன் வந்து நம்மகூடக் கொஞ்ச நாள் தங்கட்டுமா?” என்று மனைவி கேட்டாள். ‘ம்ம்’ என்றார். மச்சான் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார். மேகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் மச்சான் முன்னால் மானம் போகக் கூடாதே என்று மார்பைத் தட்டி, “நான் தூக்கத்துல சொன்னாலும் வாக்கு வாக்குதான்!” என்று ஒரு வசனம் பேசிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும். அன்று முதல் அந்த வீட்டில் ‘ம்ம்’ என்றால் சாசனம். மச்சான் கிளம்புவதற்குள் ஒரு மழைக்காலமே முடிந்துபோயிற்று.

நாளைக்கே போக வேண்டிய நாற்காலி நாளைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. “வண்டி கிடைக்கலை” என்றார். “இந்த வெயில்ல கொண்டுபோனா தோல் வெடிச்சிடும்” என்றார். ஆபீசிலிருந்து வந்ததும் நேரே ஜன்னலோரம் போய்ப் பிடியை இழுத்துவிடுவார். மனைவி அடுப்படி மூலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பாள்.

கனவு மட்டும் கொஞ்சம் மாறிப்போயிற்று. இப்போது நாற்காலியைப் பின்னாலிருந்து யாரோ தள்ளிக்கொண்டு வந்தார்கள். திரும்பிப் பார்த்தால் பெட்டிக்காரர். முகமெல்லாம் பல். “எங்கே போகணும் சார்? அப்படியே நிலாப் பக்கமா ஒரு சுத்து சுத்திட்டு வரலாமா?” மேகம் ‘ம்ம்’ என்றார். நிலாவை ஒரு அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார்கள். தூக்கிப் பார்த்தார். என்ன ஆச்சரியம், அடி பிளக்கவே இல்லை.

கண் விழித்தபோது மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

“தூக்கத்துல என்ன பேசினீங்க தெரியுமா?”

“என்ன பேசினேன்?”

“‘தங்கமான பெட்டி! கையெழுத்து எங்கே போடணும்?’னு கேட்டீங்க.”

மேகத்துக்கு நொண்டுகிறவரின் கால் கண்முன் வந்து நின்றது. கூடவே மேனேஜர் அம்மாவும் வந்து நின்றார். தூக்கத்தில் தேடிய கையெழுத்தை முழித்துக்கொண்டிருக்கும்போதும் போட்டுத் தொலைத்துவிட்டால்? விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும். தெருவில் நடந்தால் ஜனங்கள் ஒதுங்குவார்கள்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. நிஜமாகவே பயந்துபோனார். பயந்ததென்னவோ முழுக்க முழுக்க அந்த நாற்காலியில் சாய்ந்தபடிதான். சாய்ந்துகொண்டு யோசித்தால் யோசனைக்கா பஞ்சம்? பளிச்சென்று ஒரு திட்டம் உதித்தது.

“இந்தாம்மா, நாங்க எடுத்த உறுதி என்ன? ‘நான் வாங்க மாட்டேன்.’ என் பெண்டாட்டி வாங்க மாட்டான்னு யாரும் சொல்லலையே?”

“அதனால?”

“அதனால இந்த நாற்காலி உன்னோடது. பெட்டிக்காரர் உன்னை அக்கா அக்கான்னு கூப்பிடறாரில்ல? அந்த அக்காவுக்கு ஆசையா அனுப்பியிருக்கார். எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

“சம்பந்தம் இல்லாதவர் ஏன் அதுல படுத்திருக்கீங்க?”

“பெண்டாட்டி நாற்காலியில புருஷன் உக்காரக் கூடாதுன்னு எந்த ஊர்ல சட்டம் இருக்கு?”

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“எனக்கா? எனக்கேவா?”

“உனக்கேதான்.”

“அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?”

“நானா? ராஜா வாக்கு!”

“என் பொருளை நான் என்ன வேணாலும் பண்ணிக்கலாமா?”

“உன் இஷ்டம்மா. ஒரு உறை தைச்சுப் போடேன். பூப்போட்ட துணியா இருந்தா எனக்கும் பிடிக்கும்.”

அவள் சிரித்தாள். இந்தச் சிரிப்பை இதற்கு முன்னால் எங்கே பார்த்தோம் என்று மேகம் யோசித்திருக்க வேண்டும். மச்சான் வந்து இறங்கிய அன்றைக்குப் பார்த்த சிரிப்பு அது. அவருக்கோ அதற்குள் கண் சொக்கிவிட்டது.

வியாழக்கிழமை லீவு போட்டார். மறுநாள் முடிவைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்க வேண்டும் என்று ஆபீசில் காரணம் சொல்லியிருந்தார். மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, சிந்திப்பதற்காகப் பிடியை இழுத்தார். கடல் வந்தது.

நாற்காலி இப்போது மனைவியினுடையது என்பதாலோ என்னவோ, பின்னால் பெட்டிக்காரர் இல்லை. வெயில் தணிந்து தண்ணீர் முழுக்கப் பொன்னிறமாக இருந்தது. வெள்ளைப் பறவை ஒன்று வந்து நாற்காலியின் கைமேல் உட்கார்ந்தது. அதன் கழுத்தில் துணி அளக்கிற நாடா தொங்கியதைப் பார்த்தும் மேகத்துக்குச் சந்தேகம் வரவில்லை.

“திருப்பி அனுப்பிடலாமா?” என்று பறவை கேட்டது.

“ம்ம்.”

“கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா?”

“ம்ம்.”

இறங்கினார். அலைமேல் நடந்தார். தண்ணீர் பாதத்துக்குச் சில்லென்று இருந்தது. பறவை கூடவே பறந்து வந்து இன்னும் என்னவோ கேட்டது. அலைச் சத்தத்தில் காதில் விழவில்லை. மரியாதைக்கு அதற்கும் ஒரு ‘ம்ம்’ சொல்லிவைத்தார். பறவைக்கு ரொம்பச் சந்தோஷம். அவர் தண்ணீரிலேயே படுத்துக்கொண்டார். தண்ணீர் முதுகில் கோடு கோடாகக் குத்தியது.

கண்ணைத் திறந்தால், சுவரோரம் பாயில் கிடக்கிறார். அலைச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. ஜன்னலோரம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“ஐயோ, என் நாற்காலி எங்கே?”

“யார் நாற்காலி?”

“சரி, உன் நாற்காலி எங்கே?”

“பெட்டிக்காரருக்கு போன் போட்டேன். அவர் வண்டியிலேயே ஏத்தி அனுப்பிட்டேன்.”

“என்னை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?”

“என் பொருளுக்கு உங்களை எதுக்குக் கேக்கணும்? இருந்தாலும் கட்டின புருஷனாச்சேன்னு கேட்டேன். ‘ம்ம்’னீங்க. நீங்களே எழுந்து நடந்துபோய்ப் பாயில படுத்தீங்க. வாக்கு வாக்குதானே?”

மேகம் வெறும் தரையைப் பார்த்தார். நாற்காலி நின்ற இடத்தில் இப்போது வெயில் விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீசில் மர நாற்காலியில் உட்கார்ந்தார். இடுப்பு வலித்தது. இடுப்பு வலிக்கிற மனுஷனுக்குக் கனவு வராது. பெட்டிக்காரரின் பெட்டி ஒன்றை எடுத்து, அதற்குள் ஒரு விசிறியை வைத்து, மேனேஜர் அம்மா எதிரிலேயே தூக்கிக் காட்டினார். தொப்பென்று அடி பிளந்தது. இந்தத் தடவை விழுந்தது அவர் கால்மேலேயே.

“ஆ! இந்தப் பெட்டிக்குக் கையெழுத்து கிடையாது!” என்று அலறினார். அந்த அலறலில் ஒரு சத்தியம் இருந்தது.

சரியாக அந்த நேரத்தில் பெட்டிக்காரர் உள்ளே வந்தார். வந்தவர் மேனேஜர் அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அம்மா, தப்பு என்னோடது. சாருக்கு ஒரு நாற்காலி அனுப்பினேன். அக்கா நேத்து அதைத் திருப்பி அனுப்பிட்டாங்க. ‘அவர் தூக்கத்துலகூட உங்க பெட்டியைப் பத்தித்தான் பேசறார், முதல்ல அட்டையைத் தடிமனாப் போடுங்க’ன்னு சொன்னாங்க. ஆடிப்போயிட்டேன்! தூக்கத்துலயும் கம்பெனியை நினைக்கிற மனுஷனை எப்படி மடக்கறது? நல்ல தடி அட்டையிலயே செஞ்சு கொண்டாறேன். அப்புறம் சார் என்ன முடிவு சொன்னாலும் சரி.”

மேகம் கூரையைப் பார்த்தார். மேனேஜர் அம்மா மேகத்தைப் பார்த்தார். அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

மத்தியானம் மேனேஜர் அம்மாவே அவருடைய இடத்துக்கு வந்தார். “சார், உங்களுக்குக் கம்பெனி சார்பா ஒரு பரிசு. இது நாங்களே கொடுக்கறது, தைரியமா வாங்கிக்கலாம். என்னன்னு இப்போ சொல்ல மாட்டேன். உங்க வீட்ல கேட்டு, உங்களுக்கு என்ன பிடிக்குமோ அதைத்தான் வாங்கியிருக்கோம். இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கும்.”

வீட்ல கேட்டு! அவருக்கு என்ன பிடிக்கும் என்று வீட்டில் தெரியாதா என்ன? பழுப்பு நிறத் தோல், மெத்தை, பிடி. மேகம் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். நொண்டினார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள், அவருக்கென்னவோ மிதப்பதாகத்தான் இருந்தது. யார் தலையீடும் இல்லாத, பின்னால் யாரும் தள்ளாத, சுத்தமான நாற்காலி. போகிற வழியில் யாரும் கேட்காமலேயே நீல நூல்கூட வாங்கிக்கொண்டார். பாவம், நல்லவள், என்ன இருந்தாலும் கட்டினவள் என்று மனசு நெகிழ்ந்தது.

கதவைத் திறந்தார். ஜன்னலோரம் மனைவி காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள். தையல் மெஷின் தன்னாலேயே குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பளபளவென்று புது மோட்டார்.

“பரிசு வந்துடுச்சுங்க!” என்றாள்.

“மோட்டாரா! எனக்குப் பிடிச்சது மோட்டார்னு யார் சொன்னது?”

“நான்தான். மேனேஜர் அம்மா போன் பண்ணிக் கேட்டாங்க.”

“எனக்கு வர்ற பரிசை நீ எப்படிம்மா எடுத்துக்கலாம்? அதுக்காவது என்னைக் கேட்டியா?”

“கேக்காம இருப்பேனா? ‘இனிமே உங்களுக்கு யார் என்ன கொடுத்தாலும் அது எனக்குத்தானே?’ன்னு நேத்து நீங்க பாய்க்கு நடந்து போகும்போதே கேட்டேன். ‘ம்ம்’னீங்க.”