பேகீன் கறுத்த கதை

கிளிஃப்டன், அக்டோபர் 9

மதிப்பிற்குரிய ஹானோரா அக்கா அவர்களுக்கு,

கோல்மன் பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் கோழிகளும் மழையும் சௌக்கியம். இடுப்பெலும்பு முறிந்து உங்கள் வீட்டில் நாலு மாதமாக இருக்கும் என் மனைவி டிலியாவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இதை அவள் காதில் விழும்படி சத்தமாகப் படியுங்கள். ஜெயித்துவிட்டேன் அக்கா!

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "பூச்செடியைக் கொன்ன மாதிரி என் பேகீனையும் கொன்னுடாதய்யா!" குட்டியிலிருந்து வளர்த்த குதிரை, அவளுக்கு உயிர். அவள் போன இரண்டாம் வாரமே கறுப்புக் குதிரை பழைய சாக்கு நிறத்துக்கு வெளுத்து, குளம்பெல்லாம் வெடித்து நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? கால்நடை மருத்துவர் கெனி அம்மா குதிரையின் ரத்தம் எடுத்துப் பார்த்தார். "புல்லு நிறைய இருக்கு, புல்லுல சத்து இல்ல. உங்க மண்ணுல செம்பும் கிடையாது, செலினியமும் கிடையாது. தினம் ஒரே ஒரு கரண்டி சத்துப் பொடி. கூடப் போட்டீங்கன்னா அதுவே விஷம்" என்றார்.

ஒரு கரண்டிதானே என்று நினைத்தேன். ஆப்பிளைக் குடைந்து உள்ளே வைத்தால் ஆப்பிள் வயிற்றுக்குள், பொடி தரையில். ஓட்ஸ் கஞ்சியில் கலந்தால் என் ஞாயிற்றுக்கிழமை கோட்டின் மேல் ஒரே தும்மல், அதோடு பூசைக்குப் போய் நின்றேன், பாதிரியார் என்னையே பார்க்கிறார், ஒரு மாதம் இதே கூத்து, மானமே போச்சு அக்கா. அப்புறம் ஜூலையில் அந்தப் புயல். கல்சுவர் சரிந்து, நம்ம பேகீனும் பக்கத்துப் பண்ணை ஃபெஸ்டஸின் குதிரை ரோஷீனும் ரோட்டுக்கு வந்துவிட்டன. இரண்டும் ஒரே உயரம், ஒரே வெளுப்பு, மேலெல்லாம் சேறு. நான் வாளியைத் தட்டினேன், நம்மது ஓடி வந்தது. அன்றிலிருந்து, பயத்தில் திருந்திவிட்டதோ என்னவோ, பொடியை நக்கி நக்கித் தின்கிறது!

ஃபெஸ்டஸ்தான் பாவம். "புயலுக்கப்புறம் என் ரோஷீன் பொடியைத் தொட மாட்டேங்குறா கோல்மன். பக்கத்துல நின்னு பாடினாத்தான் வாயைத் திறக்குறா" என்று புலம்பினான்.

"நீ பாடினா நானே வாயைத் திறந்து அழுவேன்டா" என்றேன்.

இப்போது புது உரோமம் வந்து, குதிரை கரிக்கட்டிக் கறுப்பு. படம் எடுத்து டிலியாவுக்கு அனுப்பினேனே! போனில் "இது யார் வீட்டுக் குதிரை?" என்று கேட்டாள் அக்கா! சொந்தக் குதிரையே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை.

உங்கள் முழங்கால் வலி தீர்ந்து, வீட்டில் எல்லோரும் நலமாயிருக்க வேண்டிக்கொள்ளும்,

கோல்மன்

பி.கு.: சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இப்போதுதான் கெனி அம்மா மறுபடி ரத்தம் எடுக்க வந்து, கழுத்துத் தோலுக்கடியில் இருக்கும் அடையாளச் சிப்பில் கருவியை வைத்துப் பார்த்தார். இது ரோஷீன். வசந்தத்திலிருந்தே பொடி தின்று பழகியதாம். ஓடிப் போய்ப் பார்த்தால், நம்ம பேகீன் ஃபெஸ்டஸின் உள்ளங்கையில் பொடி தின்றுகொண்டிருக்கிறது, இதைவிடக் கறுப்பாக, குளம்பு பளபளவென்று. அவன் பாடிக்கொண்டிருந்தான். வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து அழுதே விட்டேன். டிலியாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். வெகுநேரம் சிரித்துவிட்டு, "நான் வர்ற வரைக்கும் பேகீன் ஃபெஸ்டஸ்கிட்டயே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டாள். நீங்கள்தான் அக்கா கொஞ்சம் எடுத்துச் சொல்ல வேண்டும். இன்று சாயங்காலம் முதல் ஃபெஸ்டஸிடம் பாட்டுக் கற்றுக்கொள்ளப் போகிறேன்.