பதுங்கு குழியில் முளைக்கீரை

எனக்கு எண்பத்துநாலு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறும் என் கைக்கீரை தின்று வளர்ந்தவை. கீரை போடுவதில் என்னை மிஞ்ச மயிலாப்பூரில் ஆள் கிடையாது. ஆனால் என் முதல் பாத்தி ஒருவருடைய நிஜாரோடு போய்விட்டது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் நடுங்கிய சமயம். நான் கல்யாணமாகி வந்த புதிது. கொல்லையில் நான் போட்ட வெண்டையும் முளைக்கவில்லை, அவரையும் முளைக்கவில்லை. "உன் கைக்குப் புல்லு கூட மொளைக்காது" என்று மாமியார் சொல்லிவிட்டார். (அவர் வீட்டுக்குள் சொன்னால் லஸ் முனை வரை கேட்கும்.)

அப்போது சர்க்கார் உத்தரவு என்று என் வீட்டுக்காரர் கொல்லையில் அகலமாக ஒரு குழி வெட்டினார். ஆபத்துச் சங்கு ஊதினால் எல்லோரும் அதில் இறங்கிப் பதுங்க வேண்டும். குழியைப் பார்த்தாலே சாவு ஞாபகம் வருகிறது என்று மாமியார் அந்தப் பக்கமே போகமாட்டார். எனக்கோ அது வேறு மாதிரி தெரிந்தது. கொத்திவிட்ட மண், உச்சி வெயில், கோழி வராத இடம். அடியில் எருவைக் கொட்டி முளைக்கீரை விதையைத் தூவினேன்.

கீரை ஒரு ஜாண் எழும்பியது. மறுநாள் காலையில் பறித்து மாமியார் முன்னால் கொட்டுவதாக இருந்தேன். அன்று சாயங்காலம் தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்கிறேன், ஒத்திகைச் சங்கு ஊதுகிறது. எல்லோரையும் குழியில் இறக்குகிற வார்டன் விசிலோடு வந்துவிட்டார். ராயப்பேட்டைக்காரர், காக்கி அரை நிஜார், நல்ல கனம். நான் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றேன்.

"இன்னாம்மா நின்னுகினு கீறே? எறங்கு."

"உள்ள கீரை இருக்குதுங்க."

"குண்டு வியுந்தா கீரை இன்னா ஆவும்?"

"குண்டு விழுந்து போனா போவட்டுங்க. நீங்க மிதிச்சுப் போவக் கூடாது."

எப்படி இறங்குவது என்று காட்டப் போனவர், ஈர மண்ணில் வழுக்கி, பாத்தியின் இந்தக் கோடியில் உட்கார்ந்து அந்தக் கோடியில் போய் நின்றார். எழுந்து திரும்பினால் பின்பக்கம் பச்சைப்பசேல். மதில்மேல் எட்டிப் பார்த்த தெருவே சிரித்தது. அப்போதுதான் வேலை விட்டு வந்த என் வீட்டுக்காரர் வந்த வழியே திரும்பிப் போனார். நான் அழுதேன்.

மாமியார் மட்டும் அந்தக் குழிக்குள் இறங்கினார். நசுங்காத கீரையை வேரோடு பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு ஏறினார். ராத்திரியில் கீரை ஆகாது என்பதில் அவரைப்போலக் கறார் யாரும் இல்லை. அன்று விளக்கு வைத்த பிறகு அவரே கடைந்தார். "காலைக்குள்ள வாடிப்போயிடும்" என்றார். இரண்டு தரம் போட்டுக்கொண்டார்.

இன்றைக்கும் தீபாவளிக்கு முதல் வெடி வெடித்ததும் என் வீட்டில் யாராவது கேட்பார்கள்: "ஆயா, கீரையப் பறிச்சாச்சா?"

செல்வி, ஆயா சொன்னதெல்லாம் எழுதினாயா? வார்டன் இறங்கின இடத்திலிருந்து படி, கேட்போம்.