தூக்கத்தில் ஆடிய தலை

இன்று முதல் இந்த வீட்டில் ஒருவனாவது ஒன்பது மணிக்குத் தூங்குவான் என்று அறிவித்தேன். வீட்டில் இருப்பதே நானும் என் மனைவி கஸ்தூரியும்தான். யாரோ வீட்டு விசேஷத்துக்கு முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள், நிமிராமலே, "தூங்கட்டும், பாவம்" என்றாள்.

காரணம் இல்லாமல் அறிவிக்கவில்லை. முந்தின நாள் வேங்கிக்காலில் எங்கள் அலுவலகக் கூட்டம். பௌர்ணமி கிரிவல இரவுப் பணிக்கு யார் வருகிறீர்கள் என்று ஆபீசர் அர்ஜுனன் கேட்டிருக்கிறார். எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்க, என் தலை மட்டும் மேலும் கீழும் ஆடியிருக்கிறது. அது தூக்கத்தில் ஆடிய தலை என்று அவருக்கு எப்படித் தெரியும்? கைதட்டல் கேட்டுத்தான் விழித்தேன். அடுத்த கூட்டத்தில், ஜவ்வாது மலைக்கு மாற்றலாகிப் போக யாருக்குச் சம்மதம் என்று கேட்கப்போகிறாராம். அதற்குள் நான் தூங்கித் தீர்க்க வேண்டும். என் பெயர் கண்ணாயிரம். ஆயிரம் கண்ணில் ஒன்றை மூடக்கூட வழியில்லை.

வழியில்லாமல் செய்தவள் கஸ்தூரி. குறையாகச் சொல்லவில்லை. திருவண்ணாமலையில் அவளைத் தெரியாதவர்கள் காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியவர்கள். அவர்களும் சாயங்காலத்துக்குள் தெரிந்துகொள்வார்கள். வரவேற்போ, வளைகாப்போ, எதையும் விடமாட்டாள். என்னையும் விட்டுவிட்டுப் போகமாட்டாள். பந்தியில் சாம்பார் தீர்ந்தால் சமையல்காரர் பெண் வீட்டாரைத் தேடுவதில்லை, அவளைத்தான் தேடுவார். முகம் கொடுத்துப் பேசாத இரண்டு சம்பந்திகளை ஒரே சோபாவில் உட்காரவைத்துச் சிரிக்கவைத்தவள். எல்லாம் முடிந்து ஆட்டோவில் ஏறியதும் தூங்கிவிடுவாள். எங்கள் தெரு திரும்பும்போது தானாக விழித்து, "பள்ளம் இருக்கு, பாத்துப் போப்பா" என்பாள். தூக்கத்தை அவள் கைப்பையில் வைத்திருக்கிறாள். எனக்கோ, வந்து படுத்த பிறகும் காதுக்குள் செண்டை மேளம் ஓயாது.

என் திட்டம் பக்கத்து வீட்டைப் பார்த்து வந்தது. தன்யகுமார் நயினார் ஜைனர். பொழுது சாய்ந்தால் அவர் வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள். அதனால் இரவு விருந்துக்கு அவரை யாரும் இழுப்பதில்லை. ஒன்பது மணிக்கு அவர் விடும் குறட்டை எங்கள் சுவருக்குக் கேட்கும்.

"கஸ்தூரி, இனிமே நானும் பொழுது சாய்ஞ்சா சாப்பிடறதில்ல."

"ரிசப்ஷனுக்கு?"

"போயிட்டு சாப்பிடாம வந்தா அவங்க மனசு கஷ்டப்படும். போகாம இருக்கறதுதான் மரியாதை."

"எவ்ளோ யோசிக்கிறீங்க" என்றாள். அந்தப் பாராட்டிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு தோசை. ஒன்பது மணிக்குப் படுக்கை. கஸ்தூரி தனியாக விசேஷங்களுக்குப் போனாள். எப்போது வந்தாள் என்றே தெரியாமல் தூங்கினேன். தூக்கத்தின் ருசி கண்ட உடம்பு, கடன்காரனைப் போல மேலும் மேலும் கேட்டது. ஒரு சாயங்காலம் தோசை தின்ற கையோடு நாற்காலியில் சாய்ந்தேன். கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்து என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். தாலாட்டு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை, தாம்பூலத் தட்டோடு தன்யகுமார் வந்து நின்றார்.

"சார், நீங்களும் நம்ம சாப்பாட்டு நேரத்துக்கு வந்துட்டீங்களாம். ரொம்ப சந்தோஷம். ஞாயித்துக்கிழமை மச்சான் வீட்டு கிரகப்பிரவேசம். நாலு மணிக்கு வேன்."

"சாயந்தரம்தானே?"

"விடியக்காலம் சார். நீங்கதான் மூணுக்கே எழுந்துடறீங்களாமே. கஸ்தூரியம்மா சொன்னாங்க."

அவர் போனதும் உள்ளே பார்த்தேன். கஸ்தூரி என் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது மட்டும் இல்லைங்க. திங்கக்கிழமை புகழேந்தி பொண்ணு முகூர்த்தம், நாலரை. புதன்கிழமை ராணியம்மா வீட்டு ஹோமம். வெள்ளிக்கிழமை அடி அண்ணாமலையில காதுகுத்து. ராத்திரி லேட்டா வர்றதால விடியக்கால விசேஷமெல்லாம் இத்தனை நாளா விட்டுப்போச்சு. இனிமே ராத்திரி எனக்கு, விடியக்காலம் உங்களுக்கு."

"நான் எப்ப சரின்னேன்?"

"நேத்து சாயந்தரம். ஒவ்வொரு வீடா பேர் சொல்லிக் கேட்டேன். ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினீங்க."

"அது தூக்கம், கஸ்தூரி."

"ஆபீசர் கேட்டா சம்மதம், பொண்டாட்டி கேட்டா தூக்கமா?"

கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"இப்படி அலைஞ்சா கூட்டத்துல மறுபடியும் தலை ஆடும். ஜவ்வாது மலைக்கு அனுப்பிடுவாங்க. பரவாயில்லையா?"

"வெள்ளிக்கிழமை காதுகுத்து யார் வீட்டுதுன்னு நெனச்சீங்க? உங்க ஆபீசர் பேத்திக்கு. அவங்க வீட்டம்மாவும் நானும் தோஸ்து. உங்க தலை தூக்கத்துல ஆடற தலை, அதைக் கணக்குல எடுக்காதீங்கன்னு ஆபீசர்கிட்டயே சொல்லிட்டேன், சரின்னுட்டார். இனிமே கூட்டத்துல நல்லா தூங்குங்க."

வருஷக்கணக்கில் அந்த ஆபீசரிடம் ஒரு நாள் லீவு கேட்டு வாங்க முடியாதவன் நான். இவள் என் தலைக்கே விலக்கு வாங்கியிருக்கிறாள். அசந்துபோய் நின்றேன்.

"மூணு மணிக்கு அலாரம் வெச்சிடட்டுமா?"

தலையாட்டினேன். இந்த முறை, விழித்துக்கொண்டு.