மாடி அறைக்கு வந்த இன்டர்நெட்

இனிமேல் மகளோடு தனியாகத்தான் பேசுவது என்று ஞானதுரை முடிவெடுத்தது 1999 ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ராஜபாளையத்தில் ஒரு மில்லின் டைம் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, ஆயிரம் பேர் வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் குறித்தவர் அவர். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குச் சொந்த வீட்டில் ஒதுக்கப்பட்டிருந்த நேரம், வாரத்துக்குப் பதினைந்து விநாடி.

ஒரே மகள் ஹெப்சி மஸ்கட்டில் இருந்தாள். கைக்குழந்தைக்காரி. ஞாயிறு தோறும், சர்ச் முடிந்து இவர்கள் வீட்டுக்கு வந்து சேருகிற நேரம் பார்த்துப் போன் பண்ணுவாள். போன் இருந்தது சமையலறை அலமாரியில், மல்லிப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில். அங்கே வைத்தது அவர் மனைவி ஜெயபாய். மணி அடித்ததும் இவர் ஓடிப்போய் எடுப்பார்.

"அப்பா, நல்லாயிருக்கீங்களா?"

"நல்லாயிருக்கேம்மா. பிள்ள எப்படி–"

"மாத்திர ஒழுங்காச் சாப்பிடுங்க. அம்மாட்ட குடுங்கப்பா."

அம்புட்டுத்தான். அதன் பிறகு இருபத்தைந்து நிமிஷம் ஜெயபாயின் ராஜ்யம். சிரிப்பு என்ன, கிசுகிசு என்ன, "அடியாத்தீ!" என்ன! ஞானதுரை பக்கத்திலேயே நின்று, மகள் சொல்வதை மனைவியின் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருப்பார்.

"என்னட்டி சொன்னா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"இருபத்தஞ்சு நிமிசம் சும்மாவா?"

"உங்களையும் கேட்டதாச் சொன்னா."

"என்னைக் கேக்கணும்னா எங்கிட்டயே கேட்டிருக்கலாம்லா? இங்கனதான நிக்கேன்?"

"நிக்கிற நேரத்துல இந்தப் பூண்டை உரிச்சுத் தாங்க."

பூண்டை உரித்துக்கொண்டேதான் அந்தப் பெரிய முடிவை எடுத்தார். மாப்பிள்ளை புதுசு வாங்கியபோது விட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப் ஒன்று மாடி அறையில் கிடந்தது. அதில் இன்டர்நெட் வைத்துவிட்டால் மகளுக்கு மெயில் போடலாம். அதுவும் இங்கிலீஷில். ஜெயபாய் எட்டாம் வகுப்பு, இங்கிலீஷ் பக்கமே போகமாட்டாள். அப்பனும் மகளும் பேசுவதை அவள் பக்கத்தில் நின்று ஊகித்துக்கொள்ளட்டும். ஞானதுரைக்கு அன்றைக்குச் சோறு இரண்டு கரண்டி கூடவே இறங்கியது.

"மாடிக்கு ஒரு போன் வயர் இழுக்கணும்" என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"எதுக்கு?"

"உலக நியூஸ் பாக்க."

"கீழ டிவியில காட்டுதது எந்த உலகம்? இப்பத்தான் வெள்ளையடிச்சிருக்கு. என் செவுத்துல ஒரு ஆணி விழக்கூடாது, ஆமா."

மேல் கோர்ட்டு கிடையாத தீர்ப்பு. ஆனால் டைம் ஆபீஸ் மூளை சும்மா இருக்குமா? மதுரைக்குப் பஸ் ஏறினார். கார்ட்லெஸ் போன் ஒன்று வாங்கி வந்தார். அவர் கணக்கு இதுதான்: இந்தப் போனுக்கு வயர் வேண்டாம், லேப்டாப்புக்கும் பேட்டரி இருக்கிற வரைக்கும் வயர் வேண்டாம். அப்படியானால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்டர்நெட் வந்துதானே ஆகவேண்டும்? இந்த யோசனை இதுவரை யாருக்கும் ஏன் வரவில்லை என்று பஸ்ஸிலேயே கொஞ்சம் கர்வப்பட்டும் கொண்டார்.

மாடி அறைக் கதவைச் சாத்தினார். போனை லேப்டாப்புக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார். வரவில்லை. ஒட்டி வைத்தார். வரவில்லை. ஏரியலை முழுசாக இழுத்து லேப்டாப் மேல் சாய்த்து வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, அரை மணி நேரம் கை கட்டி உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் ஹுமாயூனைக் கூப்பிட்டு அனுப்பினார். ஹுமாயூன் ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர், ரிப்பேருக்கும் வருவார். வந்தவர் போனைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது என்னது?"

"கம்பியில்லாத இன்டர்நெட்டு."

"இந்தப் போன்ல வயர் சொருக ஓட்டையே இல்லையே அண்ணாச்சி."

"வயர் வேண்டாம்னுதானப்பா வாங்கியிருக்கேன்!"

"வயர் இல்லாட்டி இதுக்குள்ள இன்டர்நெட்டு எப்படி அண்ணாச்சி போகும்? நடந்தா போகும்?"

போன் வீண்போகவில்லை. ஜெயபாய்க்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. இதுவரை சமையலறையோடு கட்டுண்டு கிடந்தவள், இப்போது பேசிக்கொண்டே கொல்லைக்குப் போனாள், துணி காயப்போட்டாள், கோழிக்குத் தவிடு வைத்தாள். இருபத்தைந்து நிமிஷம் நாற்பதானது. ஞானதுரைக்குப் பக்கத்தில் நின்று ஊகிக்கிற பாக்கியமும் போயிற்று. தன் கையால் வாங்கி வந்து கொடுத்த வினையை நினைத்து நினைத்து மருகினார்.

கடைசியில், ஜெயபாய் சர்ச்சில் பெண்கள் சங்கத்துக்குப் போயிருந்த ஒரு மாலையில், ஹுமாயூன் வீட்டின் பின்புறமாகவே வயரைக் கொண்டுபோய் ஜன்னல் வழியாக மாடிக்கு ஏற்றிவிட்டார். சுவரில் ஆணி விழவில்லை, கயிறு போட்டுக் கட்டியது. மோடம் நாலு தரம் கீச்சிட்டுக் கத்தி, ஐந்தாம் தரம் இன்டர்நெட் வந்தது. ஞானதுரை ஒரு விரலால் மகளுக்கு முதல் மெயிலை அடித்து அனுப்பினார். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

பதில் வரவில்லை.

மறுநாள் பார்த்தார். அதற்கு மறுநாளும் பார்த்தார். காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம் ஏறுவார், இறங்குவார். பெட்டி காலி. ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. கீழே யாரிடமும் சொல்லவும் முடியாது. போனிலும் பதினைந்து விநாடி, மெயிலிலும் ஒன்றுமில்லையா என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார்.

பத்தாம் நாள் வந்தது பாருங்கள் ஒரு மெயில்! இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அன்புள்ள அப்பாவுக்கு என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். முட்டி வலி எப்படி இருக்கிறது, பழைய ஆபீஸ் ஆட்களைப் பார்த்தீர்களா, ராத்திரி தூக்கம் வருகிறதா, மனசில் என்ன கவலை? இருபத்தாறு வருஷத்தில் மகள் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டிருந்தாள். ஞானதுரை அதை மூன்று தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாலாம் தரமும் படித்தார்.

அப்புறம் பிடித்தது மெயில் மழை. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஜெயபாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சி ஞானபாக்கியம் வீட்டுக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டாள். அதுவும் நல்லதாய்ப் போயிற்று. வீடும் காலி, லைனும் காலி. மகளின் பதிலும் சொல்லிவைத்த மாதிரி அந்த இரண்டு நாளில்தான் வரும். இவர் மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டினார். உங்கள் அம்மா குழம்பில் புளியை அள்ளிப் போடுகிறாள். அவள் குறட்டை மில் சத்தத்தைத் தூக்கிச் சாப்பிடுகிறது. எனக்கு எந்த விஷயமும் சொல்வதில்லை. ஒரு நாள் இதையும் எழுதினார்: உன் கல்யாணத்தன்று உன்னை வண்டியேற்றிவிட்டு, மண்டபத்துப் பின்னால் எச்சில் இலை கொட்டுகிற இடத்தில் நின்று அழுதேன். யாருக்கும் தெரியாது.

அந்த வாரத்திலிருந்து குழம்பில் புளி குறைந்தது. ஜெயபாய் பாயை எடுத்துக்கொண்டு முன் அறைக்குப் படுக்கப் போனாள். "எனக்கு நல்ல காலம் பொறந்திருச்சு" என்று ஞானதுரை தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை லைன் செத்துப்போனது. ஜெயபாய் காலையிலேயே தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மகளின் மெயில் வருகிற நாளாயிற்றே, கை சும்மா இருக்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஹுமாயூனைக் கூட்டிவர ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போனார். கம்ப்யூட்டர் இருக்கிற ஏசி அறை, செருப்பை வாசலில்தான் விடவேண்டும். விட்டுவிட்டு உள்ளே ஒரு கால் வைத்தார். ஹுமாயூனைக் காணோம். பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது. அது அவர் வீட்டுக் குரல்.

"அன்புள்ள அப்பாவுக்குன்னு போட்டுட்டியா தாயி? முட்டிக்கு எண்ணெ தேச்சீங்களான்னு கேளு. தேய்க்கல அந்த மனுசன், குப்பி வச்ச இடத்துலயே இருக்கு."

டைப் அடித்துக்கொண்டிருந்தது ஹுமாயூனின் தங்கச்சி அசீனா. "பெரியம்மா, இத ஹெப்சியக்காவே எழுதலாம்லா?"

"அவளுக்கு எங்க நேரம்? கம்ப்யூட்டரு மாப்பிள்ள ஆபீசுலதான் இருக்காம். பிள்ளயோட மல்லுக்கட்டவே பொழுது சரியாப் போகுதும்மா, நீயே பாத்துக்கோன்னு பாஸ்வேர்டக் குடுத்துட்டா. ஒம்பது நாளு இவரு மாடியேறி எறங்குனதப் பாத்தேன். எறங்கும்போது அந்த மொகத்தப் பாக்க முடியல தாயி."

"உங்க குறட்டையப் பத்தி எழுதினத நான் படிச்சப்ப கூட நீங்க கோவப்படலையே."

"குறட்டை கெடக்குது. இருபத்தெட்டு வருசமா ஒரே வீட்டுல இருக்கேன். இவரு அழுவாருன்னே எனக்கு இன்டர்நெட்டு வந்துதான் தெரியுது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா."

ஞானதுரைக்குக் காது இரண்டும் சுட்டது. மகள் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த ஒன்றரைப் பக்கமும், அந்தக் கேள்வியெல்லாமும், ஹெப்சி கேட்டதில்லை. கேட்டவளைப் பற்றித்தான் அவர் இத்தனை நாளும் கோள் எழுதியிருக்கிறார், அதையும் அவளுக்கே எழுதியிருக்கிறார். சத்தமில்லாமல் திரும்பி விறுவிறுவென்று நடந்தார். பஸ் ஸ்டாண்டில் ஈரத் தரை காலில் ஜில்லென்று பட்டபோதுதான் வெறுங்காலோடு வந்தது தெரிந்தது. திரும்பிப் போக முகமில்லை.

சாயங்காலம் ஜெயபாய் வந்து சேர்ந்தாள். "ஏங்க, வாசல்ல உங்க செருப்பக் காணோமே?"

"அறுந்துபோச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"அடப் பாவமே. நல்ல செருப்பு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் ஹுமாயூன் கூப்பிடாமலே வந்து, ஞானதுரை முகத்தைப் பார்க்காமலே லைனைச் சரிபண்ணிவிட்டுப் போனார். வியாழக்கிழமை முழுக்க ஞானதுரை மாடியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை விடிந்ததும், ஜெயபாய் குளிக்கிற நேரம் பார்த்து, முதல் தடவையாகத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தார்.

"ஹெப்சி, உங்க அம்மாவப் பத்தி நான் எழுதினதையெல்லாம் அழிச்சிரு. குழம்பு என்னைக்குமே நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் எதையும் வாயத் திறந்து சொல்லத் தெரியல. இப்பவும் தெரியல."

அனுப்பிவிட்டு இறங்கினார். ஜெயபாய் தலை துவட்டிக்கொண்டே பஸ்ஸுக்குக் கிளம்பினாள். போகிறவளைத் தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பதில் வந்தது.

"அன்புள்ள அப்பாவுக்கு, குழம்பு விஷயத்தை நான் அம்மாட்ட சொல்லமாட்டேன், நீங்களே நேர்ல சொல்லிருங்க. அறுந்துபோன செருப்பு ரெண்டும் அறுபடாம மாடிப்படிக்குக் கீழ கோணிச் சாக்குக்குள்ள இருக்கு."