சிவப்பு மையில் ஒரு வழியனுப்பு

"நீலக் கோப்பு ஒண்ணை எங்கேயாவது பார்த்தீங்களா டீச்சர்?" என்று குமாஸ்தா கேட்டபோது, இங்கிலீஷ் டீச்சர் அந்த நீலக் கோப்பின் மேல்தான் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கோப்பு சார்?"

குமாஸ்தா உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட சொல்லவே கூடாது. வேற வழியில்ல. நீங்க ஊருக்குக் கிளம்புறீங்கன்னு நாங்க ஆறு பேரும் ஆளுக்கொரு லெட்டர் எழுதியிருக்கோம். அதுவும் இங்கிலீஷ்ல! பக்கத்துல போட்டோ ஒட்டிக்கலாம்னு யாரும் பேர் போடல. ஓரத்துல நம்பர் மட்டும்தான். ஒண்ணு பெரிய டீச்சர், ரெண்டு கணக்கு சார், மூணு சயின்ஸ் மேடம், நாலு விளையாட்டு சார், அஞ்சு லைப்ரரியம்மா, ஆறு நான். நாலு மணிக்கு விழாவுல அவங்கவங்க எழுந்து படிக்கணும். நேத்து சாயந்திரம் எங்கேயோ மறந்து வச்சிட்டேன், இப்போ கோப்பையே காணோம்."

"ஐயோ" என்றாள் டீச்சர். அந்த ஐயோ அடிவயிற்றிலிருந்து வந்தது.

அவள் தன் வகுப்புக்குக் கடைசியாகக் கொடுத்த பயிற்சி, 'பள்ளியைவிட்டுப் போகும் ஆசிரியருக்கு ஒரு கடிதம்'. எந்த ஆசிரியருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பெயர் வேண்டாம், ஓரத்தில் பென்சிலால் எண் மட்டும் போடுங்கள், கம்ப்யூட்டர் அறையில் அடித்து அச்செடுத்து என் மேசையில் வையுங்கள் என்று அவளேதான் சொல்லியிருந்தாள். காலையில் வந்தால் மேசைமேல் கோப்பு. திறந்தால் அச்செடுத்து எண் போட்ட ஆறு தாள். கை தன்பாட்டுக்குச் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டது.

குமாஸ்தா போனதும் கோப்பைத் திறந்து பார்த்தாள்.

ஒன்றாம் எண், பத்துக்கு மூன்று. 'ஒரே ஐஸ். ஒரு வரிகூட நம்பும்படி இல்லை. மனசிலிருந்து எழுதப் பழகு.'

பெரிய டீச்சருக்கு! மொழியும் தெரியாமல், தெருவும் தெரியாமல் அவள் இந்த நாட்டில் வந்து இறங்கிய வாரம், வாடகை வீட்டுக்காரரிடம் "இவ என் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுஷிக்கு!

இரண்டாம் எண்ணுக்கு ஐந்து. 'பாதியில் தூங்கிவிட்டாயா?' அவளுடைய இரும்புப் பெட்டியை மூன்று மாடி தூக்கி வந்து, அப்புறம் ஒரு வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டே பாடம் நடத்தினாரே, அந்தக் கணக்கு சார். மூன்றாம் எண்ணுக்கு நாலு. அவள் காய்ச்சலில் கிடந்தபோது அவள் வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட சயின்ஸ் மேடம். விளையாட்டு சாருக்கு ஆறு. லைப்ரரியம்மாவுக்கும் குமாஸ்தாவுக்கும் ஏழேழு.

அது போதாதென்று கடைசித் தாளின் அடியில் இன்னொன்று. ஆறு கடிதத்திலும், அவள் நோட்டுத் திருத்தித் திருத்தி டீயை ஆறவிடுவதைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: 'காப்பி அடித்தது யார்? உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை.'

மறுநாள் விமானம். மூன்று வருடம் தன்னைத் தாங்கிய ஆறு பேரிடம் சிரித்த முகத்தோடு விடைபெற வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. அந்த ஆறு பேரையும் ஒரே காலையில் ஃபெயிலுக்கும் பாஸுக்கும் நடுவில் நிறுத்திவிட்டாள்.

ஒயிட்னரை எடுத்தாள். பெரிய டீச்சரின் தாளில் 'ஒரே ஐஸ்' மேல் பூசினாள். சிவப்பு அதில் கரைந்து ரோஸ் நிறத்தில் வழிந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். தாளில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது.

"என்ன டீச்சர், முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?" டீ அக்கா தட்டோடு உள்ளே வந்தாள். பள்ளிக்கே டீ போடுகிறவள். அவளிடம் மறைக்க டீச்சருக்குத் தெம்பு இல்லை. அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினாள்.

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"மூணுதானா டீச்சர்?"

"எனக்கென்ன தெரியும் அக்கா, அவங்க எழுதினதுன்னு!"

"இதுக்கு நாலா? இது நல்லாத்தானே இருக்கு?"

"அக்கா, வெந்த புண்ணுல வேல் பாய்ச்சாதீங்க. இப்போ என்ன பண்றது?"

"உள்ளதைச் சொல்லிடுங்க. யாரும் கடிச்சுத் திங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, என்னவோ யோசனையோடு அக்கா போய்விட்டாள்.

உள்ளதைச் சொல்லவா? அதற்குள் டீச்சருக்கு வேறு மூளை வேலை செய்தது. பிள்ளைகளின் நிஜமான கடிதங்கள் இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தன. அவையும் வழியனுப்புக் கடிதங்கள்தானே? மேலிருந்து ஆறை உருவினாள். நேரம் மூன்று ஐம்பது. படித்துப் பார்க்க அவகாசம் இல்லை. பழைய எண்களை அழித்து, ஒன்றிலிருந்து ஆறு வரை பென்சிலால் போட்டு, கோப்பில் செருகி, ஓட்டமாக ஓடி, "பீரோவுக்குப் பின்னால கிடந்துச்சு சார்" என்று குமாஸ்தாவிடம் நீட்டினாள். திருத்திய தாள்கள் அவள் கைப்பைக்குள் போயின.

நாலு மணி. நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. டீ, பிஸ்கட். பெரிய டீச்சர் எழுந்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒன்றாம் எண்ணை இங்கிலீஷில் கணீரென்று படித்தார்.

"அன்புள்ள கணக்கு சாருக்கு. நீங்கள் போகப்போவதாகக் கேள்விப்பட்டதிலிருந்து எங்களுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். மூட்டை கட்ட ஆள் வேண்டுமென்றால் வகுப்பு முழுவதும் வருகிறோம்."

படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணோரம் ஒற்றிக்கொண்டார். "இது என் மனசுலேர்ந்து வந்தது."

"பெரிய டீச்சர், நான் எங்க போறேன்?" என்றார் கணக்கு சார் பரிதாபமாக.

"முதல்ல உங்களோடதைப் படிங்க சார்" என்று பெரிய டீச்சர் அவசரமாக உட்கார்ந்தார்.

கணக்கு சார் இரண்டாம் எண்ணை எடுத்தார். "அன்புள்ள விளையாட்டு சாருக்கு. போகும்போது உங்கள் விசிலைக் கிணற்றில் போட்டுவிட்டுப் போகவும்."

"கணக்கு! உனக்கு நான் என்னய்யா கெடுதல் பண்ணேன்?" விளையாட்டு சார் எழுந்தே விட்டார்.

"இருங்க, இருங்க!" டீச்சரும் எழுந்தாள். கைப்பையைத் திறந்து, ரோஸ் வழிந்த தாளையும் மற்ற ஐந்தையும் மேசையில் பரப்பினாள். "நீங்க எழுதினது இதுதான். பிள்ளைங்க பேப்பர்னு நினைச்சுத் திருத்திட்டேன். மார்க்கும் போட்டுட்டேன். உங்களாலதான் இந்த ஊர்ல நான் மூணு வருஷம் மனுஷியா இருந்தேன். போற நேரத்துல உங்க மனசை நோகடிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

ஆறு பேரும் குனிந்து பார்த்தார்கள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூணா?" பெரிய டீச்சர் தொண்டையைச் செருமினார். "இது என்னுதா இருக்காதும்மா. நம்பர் மாறியிருக்கும். சயின்ஸ் மேடமோடதா இருக்கும்."

"என்னுதா? சத்தியமா நான் எழுதல டீச்சர்" என்றார் சயின்ஸ் மேடம் பதறிப்போய். "கணக்கு சார் பாணி மாதிரி தெரியுது."

"நான் இப்படியெல்லாம் எழுதவே மாட்டேனே" என்று கணக்கு சார் கூரையைப் பார்த்தார். ஏழு வாங்கிய லைப்ரரியம்மாகூடத் தன் தாளைக் குமாஸ்தா பக்கம் மெல்லத் தள்ளினார். அவர் அதை அப்படியே திருப்பித் தள்ளினார்.

டீச்சர் கண்ணைத் திறந்தாள். எப்பேர்ப்பட்ட மனிதர்கள்! தன் முகம் சுருங்கக் கூடாதென்று, சொந்தக் கடிதத்தையே இல்லையென்று சொல்கிறார்களே! பொலபொலவென்று அழுதுவிட்டாள். "உங்களை மாதிரி மனுஷங்க எனக்கு எங்கேயும் கிடைக்க மாட்டாங்க" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். பெரிய டீச்சர் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். விளையாட்டு சார் கணக்கு சாருக்கு பிஸ்கட் நீட்டினார். யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை.

காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த டீ அக்கா தட்டைக் கீழே வைத்தாள்.

"வகுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் டீ போட்டுக்கிட்டே உங்ககிட்ட கத்துக்கிட்ட இங்கிலீஷ்தான் டீச்சர், இவங்க ஒவ்வொருத்தரும் ரகசியமா வந்து கேட்டாங்கன்னு ஆறையும் எழுதிக் குடுத்தது நான்தான், அறுபதுக்கு முப்பத்திரண்டுன்னா நான் பாஸ்தானே?"