கம்பி அண்ணாச்சியும் இரண்டு மாஃபியும்

அமீரகத்தில் எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில், எந்த அலமாரியின் மேல் பழைய கிடார் தூசி பிடித்துக் கிடக்கிறது என்பது ஆண்டவனுக்குத் தெரியும். அவருக்கு மறந்துபோனால் கம்பி அண்ணாச்சியிடம் கேட்டுக்கொள்வார்.

அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர். ஷார்ஜாவில் ஏசி டெக்னீஷியன். எப்போதும் கிடார்க் கம்பியும் கையுமாகத் திரிவதால் அந்தப் பெயர். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் இந்தப் பெயரைக் கேட்டதும், "எத்தனை வருஷம் உள்ள இருந்தாராம்?" என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்.

எங்கள் வீட்டு ஏசியைச் சரிசெய்ய வந்த முதல் நாள், ஏணியில் ஏறியவர் ஏசியைப் பார்க்கவில்லை. அலமாரியின் உச்சியைத்தான் பார்த்தார்.

"கிடாரு ஏதும் கிடக்கா தம்பி?"

"இல்லீங்க. ஏசியிலதான் தண்ணி ஒழுகுது."

"அது ஒழுகட்டும். இந்தக் கட்டடத்துல வேற யாரு வீட்லயாவது?"

அந்தக் காலத்தில் கோவாவிலிருந்தும் மணிலாவிலிருந்தும் ஹோட்டல்களில் வாசிக்க வந்தவர்கள் அருமையான கிடார்களைக் கொண்டுவந்தார்கள், பேண்டு கலைந்ததும் ஆட்கள் வேறு வேலைக்குப் போனார்கள், கிடார்கள் அலமாரிக்குப் போயின என்பது அவர் கண்டுபிடிப்பு. அவற்றைத் தேடிப் போவார். வாங்க மாட்டார், விற்க மாட்டார். மூக்கை ஓட்டைக்குள் விட்டு மாம்பழம் வாங்குகிறவர் மாதிரி முகர்ந்துவிட்டு, புதுக் கம்பி மாட்டி, சொந்தக்காரரை ஒரே ஒரு பாட்டு வாசிக்கவைத்துக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார். அவருக்கு வாசிக்கத் தெரியுமா என்றால், சுத்தமாகத் தெரியாது. "சாப்பிடுதவனெல்லாம் சமைக்கவா செய்யுதான்?" என்பார்.

ஓட்டுநர் லைசென்ஸ் அவருக்கு வாய்க்கவில்லை. அதனால் சனிக்கிழமைகளில் என் கார், என் பெட்ரோல், என் குடும்ப நிம்மதி எல்லாம் அவருக்கே சொந்தம்.

ஒருமுறை சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து ஒரு பீகார் மேஸ்திரி போன் செய்தார். தன்னிடம் பழைய ஜெர்மன் கிடார் இருக்கிறதாம். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "ஏ ஒன்! போன வாரம்தான் பிளேடு மாத்தினேன்" என்றாராம். அங்கேயே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வேர்க்க விறுவிறுக்கப் போய்ப் பார்த்தால், அது டைல்ஸ் அறுக்கும் கட்டர்! அண்ணாச்சி அசரவே இல்லை. கட்டரையும் முறைப்படி முகர்ந்து பார்த்து, "நல்ல இரும்பு" என்று சொல்லி, டீயும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

ஆனால் ஒரே ஒரு கிடார் மட்டும் பல வருஷமாக அவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. ஷார்ஜாவிலேயே ரோலா பக்கம் தனியாக இருந்த ஒரு கோவாக்கார கிடார் மாஸ்டருடையது. அமீரகத்தைவிட வயதில் மூத்த அமெரிக்கக் கிடார் என்று கேள்வி. அதன் சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்று அண்ணாச்சி புலம்புவார். தேடிப்போனபோது, இவரை ஏதோ புரோக்கர் என்று நினைத்த மாஸ்டர், "கிடாரும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்று கதவைச் சாத்திவிட்டார். அண்ணாச்சி கதவிடுக்கில் தன் நம்பரைச் சொருகிவிட்டு வந்தார்.

போன ஜூலையில் மாஸ்டரிடமிருந்து வாட்ஸப்பில் குரல் வந்தது. பின்னால் லிஃப்ட் சத்தம். நடுவே துண்டு துண்டாக, "பாய்... கிடார்... மாஃபி... மாஃபி, பாய்... சனிவார்... ஃப்ளைட்..."

"கேட்டீயளா தம்பி? கிடார் மாஃபியாம். கைவிட்டுப் போச்சு. கலாஸ்!" என்று அண்ணாச்சி சோபாவில் சரிந்தார். வளைகுடாவில் இத்தனை வருஷம் இருந்தவருக்கு மாஃபி என்றால் அரபியில் 'இல்லை' என்றுதானே காது கேட்கும்? அந்த வாரம் முழுக்க அவர் கை வைத்த ஏசியெல்லாம் துக்கம் கொண்டாடின.

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நாக்பூரில் படித்த என் மனைவி தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"அண்ணாச்சி, அவர் அரபி பேசல. இந்தியில மன்னிப்புக் கேக்கறார். அன்னிக்குக் கிடார் இல்லேன்னு பொய் சொன்னதுக்கு! சனிக்கிழமை ஃப்ளைட்டுன்னா இன்னிக்குத்தானே?"

"யம்மா, எங்கண்ணைத் தொறந்துட்டிய! தம்பி, யல்லா, வண்டிய எடுங்க!"

எடுத்தேன். தோசை என் தட்டிலேயே கிடந்தது.

மாஸ்டர் கட்டடத்தின் கீழே பெட்டியோடு டாக்ஸிக்குக் காத்திருந்தார். விசா கேன்சல் செய்து ஒரேயடியாக ஊருக்குப் போகிறார். பக்கத்தில் கம்பியில்லாமல் அந்தக் கிடார். அண்ணாச்சியைப் பார்த்ததும் இந்தியில் சொன்னார்: "வந்துட்டியா! எடை கூடிப்போச்சு, இதைக் கொண்டுபோக முடியாது. நீயே வச்சுக்கோ."

அண்ணாச்சி அதை இரண்டு கையாலும் வாங்கினார். முகரக்கூட மறந்துபோனார். சரி, இனி இது இவர் வீட்டை விட்டு எங்கே போகப்போகிறது என்று நான் நினைத்தேன்.

அவர் நடைபாதையில் உட்கார்ந்து மாஸ்டரின் பெட்டியைத் திறந்தார்.

"மாஸ்டர், பால் பவுடர் கோவாவுலயும் உண்டும்லா? கோடாலித் தைலம் இத்தன பாட்டிலா? ஊருக்கே சளியா? இந்தக் கம்பளி எதுக்கு?" தமிழிலேயே திட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து என் காரில் போட்டார். பிறகு, தெரிந்த இந்தியை எல்லாம் திரட்டி, "கிடார் தும்ஹாரா. தும் லேகே ஜாவ்" என்றார். கிடார் உங்களுடையது, நீங்களே கொண்டுபோங்கள் என்று அர்த்தம்.

கம்பி மாட்டியாயிற்று. கட்டட வாசலில், சூட்கேஸ் மேல் உட்கார்ந்து மாஸ்டர் வாசித்தார். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனாலும் கார் சாவியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டேன். அண்ணாச்சி போனை நீட்டிப் பதிவு செய்தபடி அசையாமல் நின்றார். பிறகு நாங்களே மாஸ்டரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டோம். கிடார் அவர் தோளில் உள்ளே போனது.

திரும்பும்போது அண்ணாச்சி கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு, போனைக் காதோடு ஒட்டி அந்தப் பாட்டைக் கேட்டார். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த ஏசிய நிறுத்துங்க. சத்தத்துல பாட்டு கேக்க மாட்டேங்கு."

நிறுத்தினேன். ஜூலை மாத மத்தியான வெயிலில், சட்டை முதுகோடு ஒட்ட, வீடு வரைக்கும் அப்படியே ஓட்டினேன். இன்னொரு மனிதருக்காக அதைச் செய்வேனா என்றால், சத்தியமாகச் செய்ய மாட்டேன்.